ஆளைச் சொல்ல ஹூவா, ஹூமா, ஹூஸா, தட்டா? தமிழ் உருபைத் தேடிப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். போன மாங்காய் சீசனில் ஒரு நாள், மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் பெண் வகுப்புக்குள் வந்ததும் போனை நீட்டினார். மூன்று லோடு பெங்களூரா மாங்காய் கொடுத்த விவசாயிக்கு இன்னும் பணம் போகவில்லை என்று மேலாளருக்கு மெயில் எழுதியிருந்தார். முதல் வரி இப்படி இருந்தது: 'தி ஃபார்மர் ஹூம் கேவ் அஸ் த்ரீ லோட்ஸ்.' ஏன் 'ஹூம்' என்று கேட்டேன்.

"சார், அவருக்கு எங்க அப்பா வயசு. வெறும் ஹூன்னு போட்டா 'அவன்'னு சொல்ற மாதிரி இருக்கு. ஹூம்னா 'அவர்' மாதிரி இல்லையா?"

இதே எண்ணம் இருக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். அவன், அவர் என்று மரியாதையைச் சொல்லின் வாலில் வைத்துப் பேசி வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ஆங்கிலத்தில் 'ஹூ'வுக்கும் 'ஹூம்'முக்கும் நடுவில் மரியாதை வித்தியாசம் கிடையாது. முதலமைச்சருக்கும் 'ஹூ'தான், மாடு மேய்க்கும் பையனுக்கும் 'ஹூ'தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அது நமக்கு நன்றாகத் தெரிந்த இடம், வேற்றுமை உருபு. அதாவது பெயரோடு ஒட்டும் ஐ, கு, ஓடு, உடைய போன்றவை. மரியாதையை விட்டுவிட்டு உருபைத் தேடப் பழகினால் இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

படிப்பதற்கு முன் ஒரு விஷயம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். இந்தச் சொற்கள் காதில் பதிந்த பிறகு கைக்கு வருவது எளிது.

முதலில், தமிழ் எதை விழுங்குகிறது என்று பாருங்கள்

நம் மொழியில் 'ஹூ' மாதிரி ஒரு தொடுப்புச் சொல் இல்லை. பெயரெச்சம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 'வந்த பையன்', அவ்வளவுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் 'பந்த ஹுடுக' என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் 'வச்சின அப்பாயி' என்பார்கள். மூன்று மொழிக்கும் ஒரே அச்சு. விவரம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். ஆளை முதலில் நிறுத்திவிட்டு, ஒரு தொடுப்புச் சொல்லைப் போட்டு, விவரத்தைப் பிறகு சொல்லும்: 'தி பாய் ஹூ கேம்.'

பெயரெச்சத்தில் ஒரு வசதி உண்டு, அதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. அது உருபை விழுங்கிவிடும். 'நேற்று பார்த்த டாக்டர்' என்கிறோம். நாம் டாக்டரைப் பார்த்தோமா, டாக்டர் நம்மைப் பார்த்தாரா? தமிழில் இரண்டுக்கும் அதே மூன்று சொல்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் அப்படி விடாது. டாக்டர் பார்த்திருந்தால் 'தி டாக்டர் ஹூ சா மீ', நாம் பார்த்திருந்தால் 'தி டாக்டர் ஹூம் ஐ சா'. அதனால் ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன், பெயரெச்சத்தைப் பிரித்து முழு வாக்கியமாக்கி, விழுங்கப்பட்ட உருபை வெளியே எடுக்க வேண்டும்.

அதியமானையும் ஔவையாரையும் வைத்து ஒரு பயிற்சி

தர்மபுரிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனி அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கிடைத்தது. தான் உண்ணாமல் அதை ஔவையாருக்குக் கொடுத்தார். ஒரு மன்னர், ஒரு புலவர், ஒரு கனி. ஹூ, ஹூம், டு ஹூம், ஹூஸ் நான்கும் இதற்குள் இருக்கின்றன.

'கனியைக் கொடுத்த மன்னர்' என்பதைப் பிரியுங்கள். 'மன்னர் கனியைக் கொடுத்தார்.' மன்னர் என்ற சொல்லோடு உருபு எதுவும் ஒட்டவில்லை, அவர்தான் எழுவாய். உருபு இல்லை என்றால் ஹூ. 'தி கிங் ஹூ கேவ் தி ஃப்ரூட்.'

'அதியமான் போற்றிய புலவர்' என்பதைப் பிரித்தால் 'அதியமான் புலவரைப் போற்றினார்' என்று வரும். 'ஐ' வெளியே வந்துவிட்டது. 'ஐ' வந்தால் ஹூம். 'தி போயட் ஹூம் அதியமான் ஆனர்ட்.'

'அதியமான் கனி கொடுத்த புலவர்'. பிரித்தால் 'அதியமான் புலவருக்குக் கனி கொடுத்தார்.' இப்போது 'கு'. 'கு' வந்தால் பெரும்பாலும் 'டு ஹூம்'. 'தி போயட் டு ஹூம் அதியமான் கேவ் தி ஃப்ரூட்.' அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து அதற்குத்தான் வரப்போகிறேன்.

'தகடூரைத் தலைநகராகக் கொண்ட மன்னர்'. இதைப் பிரிப்பதற்குச் சற்று யோசிக்க வேண்டும். 'மன்னருடைய தலைநகர் தகடூர்.' 'உடைய' வந்தால் ஹூஸ். 'தி கிங் ஹூஸ் கேபிடல் வாஸ் தகடூர்.'

மற்ற உருபுகளும் இதே தடத்தில்தான் போகும். 'ஓடு' வந்தால் 'வித் ஹூம்', 'இடமிருந்து' வந்தால் 'ஃப்ரம் ஹூம்', 'பற்றி' வந்தால் 'அபௌட் ஹூம்'. நான் இட்டிலிக்கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து கடன் வாங்கியிருந்தால், அவர் 'தி உமன் ஃப்ரம் ஹூம் ஐ பாரோட் மணி'.

அதியமான் வாக்கியங்கள் நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்குப் புது விதி எதுவும் வேண்டாம், இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

'கு' ஏமாற்றும் இடம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். உருபைத் தேடக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து விழும் குழி இதுதான். நல்ல மாணவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் எழுதினான்: 'தி பாய் டு ஹூம் காட் எ ஜாப் இன் ஓசூர்.' எப்படி வந்தது என்று கேட்டேன். "ஓசூர்ல வேலை கிடைச்ச பையன். பிரிச்சா, பையனுக்கு வேலை கிடைச்சது. 'கு' இருக்கே சார்?" என்றான். சொல்லிக் கொடுத்ததை அச்சு மாறாமல் செய்திருக்கிறான். ஆனாலும் விடை தவறு.

காரணம் இருக்கிறது. தமிழில் சில வினைகள் ஆளை எழுவாயாக வைப்பதே இல்லை, 'கு' போட்டுத்தான் வைக்கும். எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குக் கிடைத்தது, எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு இரண்டு பிள்ளைகள். இவை எல்லாவற்றிலும் 'எனக்கு' என்கிறோம். ஆங்கிலம் இதே இடங்களில் ஆளை நேராக எழுவாயாக நிறுத்தும்: ஐ நோ, ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ லைக், ஐ வாண்ட், ஐ காட், ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ். அதனால் தொடுப்புச் சொல்லும் 'ஹூ'தான்.

'தெலுங்கு தெரிந்த கண்டக்டர்' என்றால் 'தி கண்டக்டர் ஹூ நோஸ் தெலுகு'. 'இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிற ஆள்' என்றால் 'தி மேன் ஹூ ஹேஸ் டூ டாட்டர்ஸ்'. அந்தப் பையன் எழுத வேண்டியது 'தி பாய் ஹூ காட் எ ஜாப் இன் ஓசூர்'.

தமிழ் 'ஐ' உருபிலும் இப்படி ஓரிரண்டு இடம் உண்டு. 'பையனைக் காணோம்' என்கிறோம், ஆங்கிலத்தில் அது 'தி பாய் இஸ் மிஸ்ஸிங்'. ஆக, 'தி பாய் ஹூ இஸ் மிஸ்ஸிங்'.

சரி, ஏமாற்றும் 'கு' எது, உண்மையான 'கு' எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் பிரித்த வாக்கியத்தை ஒரு தடவை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு 'ஹி', 'ஹிம்', 'ஹிஸ்' மூன்றில் எது வருகிறது என்று கவனியுங்கள். 'ஹி காட் எ ஜாப்.' ஹி வந்தால் ஹூ. 'ஐ கேவ் இட் டு ஹிம்.' ஹிம் வந்தால் ஹூம். 'ஹிஸ் கேபிடல்.' ஹிஸ் வந்தால் ஹூஸ். ஹிம், ஹூம் இரண்டும் 'ம்' என்று முடியும். ஹிஸ், ஹூஸ் இரண்டும் 'ஸ்' என்று முடியும். வாயே வழி காட்டிவிடும். பன்மையிலும் இது சரிவரும்: தே வந்தால் ஹூ, 'ம்'மில் முடியும் தெம் வந்தால் ஹூம். பெண்களைப் பற்றிய வாக்கியத்தில் மட்டும், சோதனைக்காக மனதுக்குள் ஆணாக மாற்றிக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 'ஹர்' என்ற ஒரே சொல் 'அவளை', 'அவளுடைய' இரண்டுக்கும் வருவதால் சோதனை குழம்பிவிடும்.

இந்த இரண்டாவது சோதனையையே முதலில் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் வாக்கியம் தானாக வாய்க்கு வருகிறவர்களுக்கு அது போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வராது. அவருக்கு முதலில் தோன்றுவது தமிழ் வாக்கியம்தான். அங்கிருந்து தொடங்குவதில் தப்பே இல்லை என்பது இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு வந்த நம்பிக்கை.

'தட்' போடலாமா?

போடலாம். ஆளுக்கு 'தட்' போட்டால் தப்பு என்று பல பேர் பயந்துகொண்டிருக்கிறார்கள். 'தி மேன் தட் கேம் யெஸ்டர்டே' சரியான ஆங்கிலம்தான். பல நூற்றாண்டுகளாக எழுத்திலும் பேச்சிலும் இருக்கிறது. ஆனால் அலுவலகக் கடிதத்திலும் தேர்விலும் ஆளுக்கு 'ஹூ' போடுவது நல்லது, படிக்கிறவருக்கு உறுத்தாது. நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: பேசும்போது எது வருகிறதோ அது, எழுதும்போது ஹூ.

'விச்' மட்டும் ஆளுக்கு வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் இருந்தது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்ற ஜெபம் 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்' என்றுதான் தொடங்குகிறது. கடவுளுக்கே அன்று 'விச்' போட்டார்கள். இன்றைக்கு ஆளுக்கு அப்படி எழுதினால் பிழை. 'உங்களில் யார்?' என்று ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரைக் கேட்கும்போது மட்டும் 'விச் ஆஃப் யூ' வரும், அது கேள்வி.

கமா வந்தால் கதை மாறும்

'ஓசூரில் வேலை செய்கிற அண்ணன் நேற்று வந்தார்.' உங்களுக்கு எத்தனை அண்ணன் என்பது இந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து தெரியாது. ஆங்கிலத்தில் கமாவை வைத்தே தெரிந்துவிடும்.

கமா இல்லாமல் 'மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் ஓசூர் கேம் யெஸ்டர்டே' என்று எழுதினால், எனக்கு அண்ணன்கள் பல பேர், அதில் ஓசூர் அண்ணன் வந்தார் என்று பொருள். 'மை பிரதர்' என்றதும் ஒரு கமா, 'ஓசூர்' என்றதும் ஒரு கமா போட்டால், எனக்கு ஒரே அண்ணன், அவர் ஓசூரில் வேலை செய்வது கூடுதல் தகவல் என்று பொருள். அம்மாவைப் பற்றி எழுதும்போது கமாவை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு ஒரு அம்மாதான், அதனால் அங்கே கமா கட்டாயம்.

சோதனை எளிது. நடுவில் இருக்கும் விவரத்தை விரலால் மறையுங்கள். யாரைச் சொல்கிறோம் என்பது அப்போதும் தெரிகிறதா? தெரிந்தால் கமா போடுங்கள், தெரியாவிட்டால் போடாதீர்கள். ஊர் அறிந்த ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால் ஆள் யார் என்பது முடிந்துபோன விஷயம், எனவே கமா வரும். 'ராஜாஜி, ஹூ வாஸ் பார்ன் இன் தொரப்பள்ளி, பிகேம் தி லாஸ்ட் கவர்னர் ஜெனரல் ஆஃப் இந்தியா.' ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் அவர். கமா இல்லாமல் எழுதினால் வேறு ஊரில் பிறந்த இன்னொரு ராஜாஜி இருப்பது போல ஆகிவிடும்.

கமாவுக்குப் பின்னால் 'தட்' வராது. கமா போட்டுவிட்டீர்களா, அப்புறம் ஹூ, ஹூம், ஹூஸ் மூன்றில் ஒன்றுதான். 'சுப்பிரமணிய சிவா, ஹூஸ் லாஸ்ட் டேஸ் வேர் ஸ்பெண்ட் இன் பாப்பாரப்பட்டி, டைட் இன் 1925.'

பல பேரைச் சொல்லி, 'அவர்களில் இருவர்' என்று பிரித்துச் சொல்லும் இடமும் இதில் சேரும். 'எங்கள் வகுப்பில் பத்துப் பேர், அவர்களில் இருவர் காவேரிப்பட்டணம்.' இதற்கு 'டூ ஆஃப் ஹூம்'. 'வி ஹேவ் டென் ஸ்டூடண்ட்ஸ், டூ ஆஃப் ஹூம் ஆர் ஃப்ரம் காவேரிப்பட்டணம்.' இங்கே 'டூ ஆஃப் தெம்' என்று எழுதிக் கமாவால் ஒட்டுவது நம் ஊர்க் கடிதங்களில் அடிக்கடி நான் பார்க்கும் பிழை.

விட்டுவிடவும் செய்யலாம்

'ஹூம்' என்றாலே பயப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி. கமா இல்லாத வாக்கியத்தில் 'ஹூம்' வரும் இடத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிடலாம். 'தி டாக்டர் ஹூம் ஐ சா' என்பதை 'தி டாக்டர் ஐ சா' என்று சொன்னால் போதும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறார்கள். 'ஹூ' வரும் இடத்தில், அதாவது ஆள் எழுவாயாக இருக்கும் இடத்தில், இப்படி எடுக்க முடியாது. 'தி டாக்டர் சா மீ' என்றால் அது தனி வாக்கியமாகிவிடும்.

டு, வித், ஃப்ரம் போன்ற சொற்கள் இருந்தால் இரண்டு வழி. அவற்றை முன்னால் வைத்தால் 'ஹூம்' கட்டாயம்: 'தி கிளர்க் டு ஹூம் ஐ ஸ்போக்.' கடைசிக்குத் தள்ளினால் ஹூ, ஹூம், தட் எதுவும் வரலாம், எதுவும் இல்லாமலும் விடலாம்: 'தி கிளர்க் ஐ ஸ்போக் டு.' பேச்சுக்கும் சாதாரண மெயிலுக்கும் இது போதும். விண்ணப்பம், மனு, தேர்வு என்றால் முன்னால் வையுங்கள். ஒன்று மட்டும் நடக்கக் கூடாது: கடைசிக்குத் தள்ளும்போது 'டு' தொலைந்துபோகக் கூடாது. 'தி கிளர்க் ஐ ஸ்போக்' என்று நிறுத்தினால் வாக்கியம் நொண்டும். தமிழில் 'நான் பேசிய கிளார்க்' என்று உருபில்லாமல் சொல்லிப் பழகியதால் இந்தப் பிழை நமக்கு எளிதாக வந்துவிடுகிறது.

ஹூஸ், இரண்டு வகை

காதுக்கு ஒரே ஒலி, எழுத்தில் இரண்டு. 'யாருடைய' என்ற பொருளில் வருவது டபிள்யூ, எச், ஓ, எஸ், இ என்று ஐந்து எழுத்தும் சேர்ந்து இருக்கும். 'ஹூ இஸ்' அல்லது 'ஹூ ஹேஸ்' என்பதன் சுருக்கத்தில் 'ஹூ'வுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், கடைசியில் இ இருக்காது. எழுதியபின் 'ஹூ இஸ்' அல்லது 'ஹூ ஹேஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் வந்தால் கோடு போட்டது, வராவிட்டால் ஐந்து எழுத்து.

'அப்பா லாரி ஓட்டுகிற பையன்' என்பதை 'தி பாய் ஹூ ஹிஸ் ஃபாதர் டிரைவ்ஸ் எ லாரி' என்று எழுதுகிறார்கள். ஹூவும் ஹிஸ்ஸும் சேர்ந்ததுதான் ஹூஸ். 'தி பாய் ஹூஸ் ஃபாதர் டிரைவ்ஸ் எ லாரி.' இதே மாதிரி 'தி மேன் ஹூம் ஐ மெட் ஹிம்' என்பதிலும் ஹிம் மிச்சம். தொடுப்புச் சொல் அந்த ஆளின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது, அதே இடத்தில் இன்னொரு தடவை அவரை உட்கார வைக்க முடியாது.

பெரியவர்களும் தடுக்கி விழும் இரண்டு இடம்

ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) என்று நினைத்தேன், இல்லை. 'நான் வி.ஏ.ஓ. என்று நினைத்த ஆள்.' நன்றாகப் படித்தவர்கள் இங்கே 'ஹூம் ஐ தாட் வாஸ் தி வி.ஏ.ஓ.' என்று எழுதிவிடுவார்கள், நான் அவரை நினைத்தேன் என்று கணக்குப் போட்டு. பிரித்துப் பாருங்கள்: 'அவர் வி.ஏ.ஓ. என்று நினைத்தேன்.' ஆங்கிலத்திலும் 'ஐ தாட் ஹி வாஸ் தி வி.ஏ.ஓ.' ஹி வருகிறது, ஆக ஹூ. 'தி மேன் ஹூ ஐ தாட் வாஸ் தி வி.ஏ.ஓ.' நடுவில் வரும் ஐ தாட், ஐ பிலீவ், தே சே போன்றவற்றை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் விடை தெரிந்துவிடும்.

இரண்டாவது, 'யார் முதலில் வருகிறாரோ அவருக்கு டோக்கன் கொடு'. இந்த 'யார், ஓ' அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'ஹூஎவர்'. முன்னால் 'டு' இருப்பதைப் பார்த்து 'டு ஹூமெவர்' என்று எழுதத் தோன்றும். ஆனால் வருகிறவர் அவர்தானே, 'ஹி கம்ஸ் ஃபர்ஸ்ட்'. எனவே 'கிவ் தி டோக்கன் டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்.'

வினைமுடிவைப் பற்றியும் ஒரு சொல். ஹூவுக்குப் பின்னால் வரும் வினை, ஹூவுக்கு முன்னால் இருக்கும் ஆளைப் பார்த்து நடக்கும். பாலக்கோட்டில் தக்காளி விற்கும் பெண் ஒருவர் என்றால் 'தி உமன் ஹூ செல்ஸ் டொமேட்டோஸ்', பல பேர் என்றால் 'தி விமன் ஹூ செல் டொமேட்டோஸ்'. ஹூ இரண்டிலும் மாறாது, 'செல்ஸ்', 'செல்' மாறும். தமிழில் 'விற்கிற' என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே என்பதால் நம் காது இதை எளிதில் கவனிப்பதில்லை.

யார் ஆள், யார் ஆள் இல்லை

உயர்திணைக்கு ஹூ, அஃறிணைக்கு விச் என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் இரு மொழிகளின் திணையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. 'குழந்தை அழுதது' என்று நாம் அஃறிணை முடிவு கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'தி சைல்ட் விச் கிரைட்' என்று எழுதிவிடாதீர்கள், 'தி சைல்ட் ஹூ கிரைட்' என்றே எழுதுங்கள்.

மாட்டுக்கு 'தட்' அல்லது 'விச்'. ஆனால் பெயர் வைத்து வளர்க்கும் மாட்டுக்கு ஆங்கிலத்திலும் 'ஹூ' போடுவதுண்டு. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று உவப்பினால் சொல்வதை நன்னூல் வழி வந்த இலக்கணம் திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. அன்பு வந்தால் திணை இளகுவது இரண்டு மொழியிலும் இருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

கம்பெனி, பேங்க், சங்கம் எல்லாம் ஆட்கள் சேர்ந்தவைதான், ஆனாலும் அமைப்பாகச் சொல்லும்போது 'தட்' அல்லது 'விச்'. 'தி கம்பெனி தட் பைஸ் அவர் மேங்கோஸ்.' ஹூஸ் மட்டும் பொருளுக்கும் அமைப்புக்கும் வரும்: 'தி கம்பெனி ஹூஸ் லாரி கேம் யெஸ்டர்டே.' இதற்குத் தயங்க வேண்டாம்.

வினையாலணையும் பெயர் ஒன்று நம்மிடம் இருக்கிறதே, வந்தவர், படித்தவர்கள், கேட்டவர்கள் என்று. அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது, 'ஹூ'வை வைத்துத்தான் கட்ட வேண்டும். வந்தவர்கள் என்றால் 'தோஸ் ஹூ கேம்'. வந்தவர் என்றால் 'தி ஒன் ஹூ கேம்'. வருகிறவர் யாரானாலும் என்றால் 'எனிஒன் ஹூ கம்ஸ்'.

பழகும் விதம்

பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒவ்வொரு ஆளையும் ஒரு பெயரெச்சத்தால் சொல்லுங்கள், பிரியுங்கள், உருபைப் பாருங்கள், ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒகேனக்கல் போனால் பரிசல்காரர் ஒருவரே போதும். பரிசல் ஓட்டுகிறவர், நாம் பணம் கொடுத்தவர், அவருடைய பரிசல் பழசு, நாம் அவரோடு பேசிக்கொண்டே போனோம், அவருக்குக் கன்னடம் தெரியும். ஐந்தையும் 'தி போட்மேன்' என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். ஹூ ரோஸ் தி பரிசல். டு ஹூம் வி பெய்ட் தி மணி. ஹூஸ் பரிசல் இஸ் ஓல்ட். வித் ஹூம் வி டாக்ட். கடைசியில் 'அவருக்கு' என்று 'கு' இருக்கிறதே என்று ஒரு நொடி நின்றீர்களானால் நல்லது. ஹி நோஸ் கன்னடா. ஆக, ஹூ நோஸ் கன்னடா.

அந்தத் தொழிற்சாலைப் பெண்ணின் மெயிலையும் இப்படித்தான் சேர்ந்து திருத்தினோம். விவசாயி மூன்று லோடு கொடுத்தார், உருபு இல்லை, ஹூ. மேலாளர் நேற்று அந்த விவசாயியிடம் போனில் பேசியிருந்தார், அதையும் சேர்க்க வேண்டும் என்றார் அந்தப் பெண். ஹூம் போடலாமா என்று கேட்டார், போடலாம், விட்டாலும் சரி என்றேன். விட்டுவிட்டார். ஆனால் 'டு'வை மறக்கவில்லை. போனது இதுதான்: 'தி ஃபார்மர் ஹூ கேவ் அஸ் த்ரீ லோட்ஸ் ஆஃப் பெங்களூரா ஹேஸ் நாட் பீன் பெய்ட். ஹி இஸ் தி ஃபார்மர் யூ ஸ்போக் டு யெஸ்டர்டே.'